என் அட்டெண்டர் என் ஓரகத்தி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது வாய்வு இல்லை. நாலு மணி நேரம் வாய்வு, வாய்வு என்று சாதித்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உயிர் தங்கியது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, மற்றவர்கள் செய்த புண்ணியத்தால்.

என் பெயர் லூர்துமேரி. வயது அறுபத்து நான்கு. ஆவூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு வயிறு எது, நெஞ்சு எது என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. வீட்டுக்குப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எங்கள் மகளிர் குழுவில், "ஒரு தடவை எழுதிக் குடுத்துருங்க டீச்சர், எல்லாரும் படிச்சுக்கிறோம்" என்றார்கள். நான் டீச்சர் இல்லை. இருந்தாலும் அப்படிக் கூப்பிட்டால் மறுப்பதில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். கறிவேப்பிலை பறிக்கலாம் என்று எதிர்த்தெரு சகாயத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் கொல்லைப் பக்கம் போக, நான் கூடத்தில் நின்றேன். டிவி மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜான்சியின் கல்யாணம். ஜான்சி என் கொழுந்தனார் மகள். அவள் அம்மா ஆரோக்கியம் என் ஓரகத்தி. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஏழு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சரியாகச் சொன்னால், எனக்கும் அவளுக்கும்தான் இல்லை. என் வீட்டுக்காரர் சவரிமுத்து பேசுவார். ஆனால் எனக்குத் தெரியாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

முந்தின ஞாயிறு கோவிலில் ஜான்சிக்கு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் என்று. என்னதான் பகை என்றாலும் பெரியப்பா வீட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு பத்திரிகை வைக்க வந்துதானே ஆகவேண்டும், வரட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட ஆள் வர வேண்டும் அல்லவா.

பத்திரிகையின் அடியில் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் ஜோடி ஜோடியாக அச்சாகியிருந்தது. தாய்மாமனும் அவர் மனைவியும். அத்தையும் மாமாவும். பெரியப்பா என்ற இடத்தில் "திரு. சவரிமுத்து" என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் காலியிடம். செத்துப்போன என் கொழுந்தனாருக்குக்கூட முன்னால் ஒரு "லேட்" போட்டு இடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதுவும் இல்லை.

சகாயம் கறிவேப்பிலையோடு வந்தாள். "பாத்துட்டீங்களா" என்றாள். "நல்லா அடிச்சிருக்காக" என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வலி முதலில் முதுகில்தான் வந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல. பிறகு தாடை கடுத்தது. குளித்த மாதிரி வேர்த்தது. சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்களே, அந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பெண்களுக்கு, அதுவும் வயதான பெண்களுக்கு, முதுகு, தாடை, குமட்டல், இன்ன காரணம் என்று சொல்லத் தெரியாத அசதி என்றெல்லாம்கூட இது வரும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று நான் பழியை முதல் நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பின் மேல் போட்டேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். சோடா வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். பூண்டைச் சுட்டுத் தின்றேன். எதற்கும் ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா" என்று வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார்.

"வாய்வுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாக" என்றேன். நாலாவது தடவை அவர் கேட்கவில்லை. ஆட்டோவோடு வந்து நின்றார். நாற்பது வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். "ஏறு" என்றார். ஏறினேன்.

கீரனூரில் இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஆறு, கைகால்களில் நாலு என்று ஒட்டி, இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தைக் கோடாக வரைந்து தருகிற மெஷின் அது. ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்து நிமிஷம். இதற்கா இவ்வளவு நேரம் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. டாக்டர் சின்னப் பெண், என் மருமகள் வயது இருக்கும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவள் நடை மாறிவிட்டது.

"அம்மா, இது வாய்வு இல்ல. இதை மென்னு முழுங்குங்க" என்று நாலு மாத்திரையைக் கையில் வைத்தாள். "இப்பவே புதுக்கோட்டைக்குப் போகணும். வண்டி சொல்லிட்டேன்."

"சாயங்காலம் போனா ஆகாதா? வீட்டுல வெளக்குமாத்தைக் கூட எடுத்து வைக்காம..."

"ஆகாதும்மா" என்று சொல்லி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். வண்டி வருகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளை நல்லா இருக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் நான் இருந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் என்னிடம் விளம்பரம் கேட்கவில்லை. நேராக ஐ.சி.யு.வில் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்று ஒரு சத்து ரத்தத்தில் கசியுமாம். எனக்குக் கசிந்திருந்தது. மறுநாள் ஆஞ்சியோ பார்க்கலாம் என்றார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்தைச் செலுத்தி, இதயத்துக்குப் போகிற குழாய்களில் எங்காவது அடைப்பு இருக்கிறதா என்று படம் பிடிப்பது. மணிக்கட்டு வழியாகவும் செய்வார்களாம். எனக்குக் கையில் குழாய் சின்னதாக இருந்ததால் தொடை.

அப்போதுதான் ஒரு பிரச்சினை வந்தது. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஹாலில் நர்ஸ் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

"லூர்துமேரி அட்டெண்டர் யாரு?"

ஆஸ்பத்திரியில் நோயாளியோடு கூட இருக்கிறவருக்கு அட்டெண்டர் என்று பெயர். என் வீட்டுக்காரர் எழுந்திருப்பார் போல.

"நீங்க ஆகாதுய்யா. ஐ.சி.யு. முடிஞ்சா பொம்பளைங்க வார்டு. பொம்பளை அட்டெண்டர்தான் இருக்கணும். யாரு இருக்கா?"

யார் இருக்கிறார்கள்? மகன் அமல்ராஜ் குடும்பத்தோடு துபாயில். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. கூடப் பிறந்த ஒரே அக்கா சென்னையில் முழங்கால் ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை சமையல்காரம்மாக்களை விரட்டி விரட்டி வேலை வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு வா என்று கூப்பிட ஒருத்தியின் பெயரும் எனக்கு வாயில் வரவில்லை. படுத்துக்கொண்டு நான் அழுதது வலிக்காக இல்லை, இதற்காகத்தான்.

"நான் இருக்கேன் சிஸ்டர்" என்று ஒரு குரல் கேட்டது. ஏழு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் கேட்ட குரல்.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வருவது ஆரோக்கியத்தைத் தேடி. எனக்கு அது பிளாஸ்க், பாய், தலையணை, ஒரு பவுடர் டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தது. மூன்று வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். துணி தைக்கக் கொடுக்க வேண்டும், சமையலுக்கு ஆள் பேச வேண்டும், நகைக்கு அலைய வேண்டும். புருஷன் இல்லாதவள், எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். அதை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் ஃபேனைப் பார்த்தேன்.

"இந்தப் பிளாஸ்க்குல கஞ்சி இருக்கு" என்று பிளாஸ்க்கிடம் சொன்னாள்.

நான் நர்ஸிடம், "கஞ்சியில உப்பு போட்டிருக்கான்னு கேளுங்க சிஸ்டர்" என்றேன்.

"அரை உப்புதான் போட்டிருக்குன்னு சொல்லுங்க சிஸ்டர், பிரஷர்காரவுகளுக்கு."

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் தமிழ்தானே பேசுறீங்க? நடுவுல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். எங்கள் பங்குச் சாமியாரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதற்கு நோயில்பூசுதல் என்று இப்போது அழகாகப் பெயர் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் அவஸ்தை என்றுதான் சொல்வார்கள். அவஸ்தை கொடுத்தாச்சு என்றால் ஊரில் பந்தலுக்குச் சொல்லிவிடுவார்கள். சாமியாரைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த மெஷின் கீகீ என்று கத்த ஆரம்பித்தது.

"நான் என்ன சாகவா போறேன்" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"இல்லம்மா, இது நல்லாகுறதுக்குத்தான்" என்றார் சாமியார். சின்ன வயசு, பொறுமைசாலி. பூசினார். பிறகு, செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்களா என்று கேட்டார். ஆரோக்கியமும் வீட்டுக்காரரும் வெளியே போனார்கள்.

சாமியாரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். என் மாமியார் பக்கவாதத்தில் ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். சின்ன மகன் வீட்டில்தான், ஆரோக்கியத்தின் பொறுப்பில். எனக்குப் பள்ளிக்கூட வேலை. அரிசி அனுப்புவேன், மருந்து அனுப்புவேன். அள்ளுவது, துடைப்பது, திருப்பிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் அவள். கடைசி மாதத்தில் கிழவிக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர், "சின்ன மருமக மாதிரி பாத்துக்க ஆள் வராது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத்தான் பாத்தா. அப்புறம் முதுகுல புண்ணு எப்படி வந்துச்சாம்?" என்றேன். பந்தி முழுக்கக் கேட்டது. ஆரோக்கியம் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

சாமியார் கேட்டுக்கொண்டார். "அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "இப்ப வெளியிலதான் நிக்கிறாங்க" என்றார். ஆஞ்சியோ முடியட்டும் சாமி என்றேன். அன்று இரவு முழுக்க ஒரே நினைப்புதான். நாளைக்கு மேஜையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விடுவேனே. சாவைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆஞ்சியோ அரை மணி நேரத்தில் முடிந்தது. மரத்துப்போக ஒரு ஊசி, மருந்து பரவும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு, அவ்வளவுதான். மூன்று குழாயும் சுத்தம், அடைப்பே இல்லை என்றார்கள். அப்படியானால் எனக்கு என்னதான் வந்தது என்று கேட்டேன். எக்கோ பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார் என்றார்கள். வார்டுக்குக் கொண்டுவந்து, வலது காலை ஆறு மணி நேரம் மடக்கக்கூடாது, மடக்கினால் ரத்தம் கசியும் என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள்.

ஒரு மணி நேரம் தாங்கினேன். அதற்குமேல் இடுப்பு பிளந்தது. தெரியாமல் முழங்காலை லேசாகத் தூக்கினேன்.

"அக்கா, காலை மடக்காதீங்க."

ஏழு வருடத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து வந்து, என் காலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகுக்கு அடியில் நுழைத்தாள். வேர்த்திருந்ததைத் துண்டால் ஒற்றினாள். பவுடர் டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் தட்டி, முதுகில் தடவினாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். அரை மணிக்கு ஒரு தரம் இதையே செய்தாள்.

நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னம்மா இது? ஆறு மணி நேரத்துல யாருக்கும் படுக்கைப் புண்ணு வராது. சும்மா உக்காருங்க."

"எதுக்கும் பாத்துக்குவோம் சிஸ்டர்" என்றாள் ஆரோக்கியம். அவள் கை நிற்கவில்லை. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் ஒரு வார்த்தை அந்தக் கையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுதேன். வலிக்குதா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். வயதானவர், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசுகிறவர். எக்கோ என்பது கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரி, ஒலியால் இதயத்தைப் படம் பார்ப்பது. என் இதயத்தின் இடது அறை, அடியில் உப்பி, மேலே கழுத்து சிறுத்து இருந்ததாம். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்க ஒரு பானை வைத்திருக்கிறார்களாம். அதன் பெயர்தான் இந்த நோய்க்கும். டக்கோட்சுபோ.

"நம்ம ஊரு கலயம் மாதிரின்னு வச்சுக்கங்க" என்றார். "பெரிய அதிர்ச்சி வந்தா ஒடம்புல சில ரசாயனம் எக்கச்சக்கமா சுரக்கும். அதுல இதயத் தசை மெரண்டு போயி, பாதி வேலை செய்யாது. பாக்க ஹார்ட் அட்டாக் மாதிரியே இருக்கும், ஆனா அடைப்பு இருக்காது. மாதவிலக்கு நின்ன பெண்களுக்குத்தான் அதிகம் வருது. பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிரும். இதயத்தைப் பதறாம அடிக்கச் சொல்ற மாத்திரை தர்றேன். விடாம சாப்பிடணும். சரி, அன்னைக்கு என்ன நடந்துச்சு? யாராவது தவறிட்டாங்களா?"

"யாரும் தவறல டாக்டர். பத்திரிகையில என் பேரு இல்ல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விவரமாகச் சொன்னேன். சாமியாரிடம் சொன்னதையும் சேர்த்து, பந்தியில் பேசியதையும் சொன்னேன். தலையைத் திருப்பினால் ஆரோக்கியம் டம்ளரோடு நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். புண்ணைப் பற்றி நான் சொன்னதற்கு ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லை. பத்திரிகை விஷயத்துக்கு மட்டும் வாய் திறந்தாள்.

"டாக்டர், போன வருசம் சாமியார் வந்து வீடு மந்திரிச்சதுக்குப் பத்திரிகை அடிச்சேன். அதுல இவங்க பேரைப் போட்டேன். 'யாரைக் கேட்டுடி என் பேரைப் போட்ட'ன்னு தெருவுல நின்னு சத்தம் போட்டாங்க. அதான் இந்தத் தடவை பயந்துக்கிட்டு விட்டுட்டேன். போட்டாலும் தப்பு, போடலைன்னாலும் தப்புன்னா நான் என்னதான் செய்யறது?"

நான் அப்படிச் சத்தம் போட்டது உண்மை. சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா" என்றார். பிறகு எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும், எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். "அந்த ஒரு நாள் அதிர்ச்சி மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. வீட்டுக்குள்ள, சொந்தத்துக்குள்ள வருசக்கணக்கா மனத்தாங்கலோட இருந்தா தூக்கம் போகும், பிரஷர் ஏறும், மாத்திரை மறந்துபோகும், நடக்கத் தோணாது. எல்லாம் சேர்ந்து இதயத்துலதான் வந்து நிக்கும். பொம்பளைங்க வெளிய சொல்ல மாட்டீங்க. வாய்வும்பீங்க." அவர் போன பிறகு ஆரோக்கியம் டம்ளரை நீட்டினாள். "ஆறிருச்சு, குடிங்க" என்றாள். பிளாஸ்க்கிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றி சொல்ல எனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா திருவரங்குளத்துக்காரர், அவர் மகள் கொண்டுவருகிற இட்லியில் இரண்டை எனக்கு எடுத்து வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. வெளியே மரத்தடியில் ஐந்து நாளும் துண்டை விரித்துக் கிடந்தார் என் வீட்டுக்காரர். என் துணியைக் குழாயடியில் அவரே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். புடவையை மடிக்கத் தெரியாமல் சாக்கு மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். துபாயிலிருந்து மகன் தினம் போனில் அழுதான். "அழுகாதடா, ஆத்தாளுக்குப் பானை ஒடஞ்சிருச்சு, ஒட்டவச்சுட்டாக" என்றேன்.

ஜான்சியின் கல்யாணத்துக்குப் போனேன். நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாராட்டி, வாழ்த்தி, சாப்பாட்டைக் குறை சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரை ஒரு வழி பண்ணி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் செய்தேன்.

இதுவரை எழுதியது எளிது. இனிமேல் எழுதுவதற்கு இரண்டு நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன். மேலே ஒரு இடத்தில் நான் உங்களிடம் பாதிதான் சொன்னேன். சாமியாரிடமும் பாதிதான், டாக்டரிடமும் பாதிதான்.

ஆறு வாரம் கழித்து மறுபடி எக்கோ பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆரோக்கியம்தான் கூட வந்தாள். டோக்கன் வாங்கிக்கொண்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"ஆரோக்கியம், அத்தை கடைசியா கெடந்தாகளே, அந்த மாசம் ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல."

அவள் கை நின்றது. "இப்ப எதுக்குக்கா அது?"

"கைகால் மூட்டெல்லாம் வீங்கி, வேலிக்கிட்ட வந்து நின்ன. 'அக்கா, என்னால தூக்க முடியல, நாலு நாளைக்கு அத்தையைத் திருப்பிப் போட ஒரு கை குடுங்க'ன்னு கேட்ட. ஸ்கூல்ல அதிகாரி வர்றாக, ஞாயித்துக்கிழமை வாரேன்னு சொன்னேன். ஒரு அதிகாரியும் வரல. எனக்கு அந்த நாத்தம் ஆகாது. அதான் வரல. அந்த நாலு நாளுலதான் புண்ணு வந்துச்சு."

"ஆமா."

"ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். மத்தியானமே நீங்க ஸ்கூல்லேருந்து வந்துட்டீங்க. ஜன்னல்ல பாத்தேன்."

"அப்புறம் பந்தியில நான் அப்படிக் கேட்டப்ப, நீ ஏன் எல்லாருக்கு முன்னாடியும் அதைச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைஞ்சிருக்குமே."

அவள் ஆரஞ்சுச் சுளையில் இருந்த நாரை எடுத்தாள். என் வீட்டுக்காரரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. அவுக ஆத்தாளுக்கு நீங்க கை குடுக்கலைன்னு தெரிஞ்சா, அப்புறம் அவுக ஒங்க கையில சோறு வாங்கித் திம்பாங்களா? எனக்குத்தான் அப்பவே புருசன் போயிட்டாரு. ஒங்களுக்கும் அந்த வீடு இல்லாமப் போகணுமா? பழி என் மேலேயே கெடக்கட்டும்னு இருந்துட்டேன். ஆனா ஒண்ணுக்கா. நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

"நல்லாத்தான் பாத்துக்கிட்ட" என்றேன். "என்னை மன்னிச்சிரு ஆரோக்கியம்." அந்த ஹாலில் இருந்த எல்லோரும் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தாங்க, சாப்பிடுங்க என்று சுளையை என் வாயில் வைத்தாள். அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எக்கோவில் இதயம் நன்றாக வேலை செய்கிறது, கலயம் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை உட்கார வைத்து, நாலு நாள் கதையை நானே சொன்னேன். ஒன்றும் விடாமல், நாற்றம் ஆகாது என்று போகாததையும் சொன்னேன். ஆரோக்கியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எதுக்குக்கா" என்று தலையில் கை வைத்தாள். அவர் எழுந்து போய் அவருடைய ஆத்தா படத்துக்கு முன்னால் நின்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு எடுத்து வைத்தால் பேசாமல் சாப்பிட்டார். அந்த இரண்டு நாளும் நான் தூங்கினேன். முதுகு வலிக்கவில்லை, தாடை கடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மாத்திரை டப்பாவையும் தண்ணீரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"போட்டுக்க" என்றார்.

போட்டுக்கொண்டேன்.